ஏப்ரலில் பனி தேடிப் போகும் பெரிய குடும்பம்

முதல் தடவை எங்களை ஏமாற்றியது ஒரு படம். பனி மூடிய மரக்கூரைகள், வீட்டு வாசல் வரைக்கும் சறுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள். அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு முற்பணம் கட்டினோம். போய் இறங்கியது ஏப்ரல் நடுப்பகுதி, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. ஊர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தது. பேருந்து நின்ற இடத்தில் புல் தழைத்து, அதில் மஞ்சள் பூவும் பூத்திருந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவில் பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு பனிக்கீற்று, பந்தல் பிரித்த பிறகு முற்றத்தில் கிடக்கும் பாயைப் போல. அம்மம்மா சுற்றிவர ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுக்கே பிள்ளை இவ்வளவு காசைக் குடுத்தனீங்கள்?" என்றார்.

ஊரில் பிழையில்லை. படம் ஜனவரியில் எடுத்தது, நாங்கள் போனது ஏப்ரலில். ஸ்கீ பருவத்தின் கடைசி வாரங்களுக்கு இடம் பார்ப்பது தனி வேலை. ஜனவரியில் நல்லதாக இருக்கும் ஊர்களில் பெரும்பாலானவற்றை முதலிலேயே அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதில் தொடங்க வேண்டும். அந்த மிச்சத்திலும், கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பாதி அடிபடும்.

அப்படியானால் பிப்ரவரியிலேயே போய்விடலாமே என்று கேட்பீர்கள். தனிக் குடும்பம் என்றால் போகலாம். எங்கள் கூட்டம் இருபத்திரண்டு பேர். சுவிஸில் மூன்று வீடு, பாரிஸில் ஒன்று, லண்டனில் ஒன்று. சுவிஸில் பிப்ரவரி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிரான்ஸ் நாட்டை மூன்று வலயமாகப் பிரித்து வலயத்துக்கு வலயம் வேறு வேறு வாரங்களில் விடுமுறை விடுகிறார்கள். இங்கிலாந்தில் கிடைப்பது ஒரே ஒரு வாரம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக விடுபடும் வாரம் பிப்ரவரியில் அநேகமாக வராது. ஈஸ்டரை ஒட்டித்தான் ஏதாவது பொருந்திவரும். அதிலும் பிரான்சின் வசந்த விடுமுறை ஈஸ்டரோடு கட்டப்பட்டதல்ல. பெரிய வெள்ளியும் அங்கே அல்சாஸ், மோசெல் பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் வேலைநாள். ஆகவே முதலில் எல்லா வீட்டுப் பள்ளி நாட்காட்டியையும் மேசையில் பரப்புங்கள். இடத்தைப் பற்றி அதன் பிறகு கதைக்கலாம்.

ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கும் விழலாம். 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16, 2029இல் ஏப்ரல் 1. மலையில் இந்த மூன்று வார வித்தியாசம் பெரியது. 2027 ஈஸ்டருக்கு நடுத்தர உயரத்து ஊர்கள் பலவும் தாக்குப்பிடிக்கலாம். 2028 ஈஸ்டருக்கு உயரமான ஊர்களை விட்டால் வேறு வழியில்லை. சித்திரைப் புத்தாண்டும் அந்த வாரத்தை ஒட்டியே வருவதால், பொங்கல் பானையையும் கட்டிக்கொண்டு போகவேண்டி வரும்.

ஏப்ரலில் நல்லதும் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டை முன்னே தள்ளிவிடுவார்கள், பொழுது நீளும். வெயில் ஏறும். ஜனவரியில் மைனஸ் பதினைந்தில் உறைந்துபோய்க் கடைக்குள் ஒதுங்கும் பெரியவர்கள், ஏப்ரலில் வாங்கில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள். பல தலைமுறை சேர்ந்து போகும் கூட்டத்துக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

உயரம் மூன்று

ஸ்கீ ஊர்களின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது உச்சியின் உயரம். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று உயரங்கள்: வீடு இருக்கும் ஊர் எந்த உயரத்தில், பழகுசரிவு எந்த உயரத்தில், உச்சி எந்த உயரத்தில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை பாகை குறையும். ஆயிரம் மீட்டரில் மழை பெய்யும் நாளில் இரண்டாயிரத்து முந்நூறில் பனி கொட்டும்.

எங்கெல்பெர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் கார் தித்லிஸ் மலையில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, மே மாதத்திலும் அங்கே பனி கிடக்கும். ஊரோ ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில். ஏப்ரலில் ஊர் பச்சை. நன்றாகச் சறுக்கத் தெரிந்த நாலு இளைஞர் போவதென்றால் இதில் குறையே இல்லை, காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையையும் முழங்கால் வலிக்காரப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு தினமும் அப்படி ஏறி இறங்க முடியாது. கிரிண்டல்வால்ட் 1,034 மீட்டர். ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற கிட்ஸ்பூல் 762 மீட்டர்தான். ஜனவரியில் போங்கள், அழகான ஊர்கள். ஏப்ரலுக்குப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஏப்ரல் முதல் வாரம் கழிந்தால், ஊர் 1,800 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. ஊர் தாழ்வாக இருந்தாலும் பழகுசரிவு மேலே இருந்து, அங்கே போகவர ஒரே லிஃப்டில் முடியுமானால் விட்டுக்கொடுக்கலாம். செர்மாட் அப்படிப்பட்டது. ஊர் 1,620 மீட்டர். பிள்ளைகள் பழகும் இடம் 2,288 மீட்டரில் உள்ள சுன்னெக்காவில். சுரங்கத்துக்குள் ஓடும் இழுவை ரயில் சில நிமிடங்களில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பழகுசரிவைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அநேக ஊர்களில் அது ஊரின் அடிவாரத்தில், தட்டையான, வெயில் படும் இடத்தில் இருக்கும். முதலில் உருகுவது அதுதான். மேலே நாற்பது பாதைகள் திறந்திருக்கின்றன என்று அறிக்கை சொல்லும். உங்கள் கூட்டத்தில் புதிதாகப் பழக வந்த ஐந்து பேருக்கும் கால் வைக்க இடம் இருக்காது.

உயரத்துக்கு அடுத்தது திசை. வடக்குப் பார்த்த சரிவில் பனி நிற்கும், தெற்குப் பார்த்ததில் ஓடிவிடும். ஏப்ரலில் ஒரு நாளுக்குள்ளேயே பனி நாலு வடிவம் எடுக்கும். இரவு உறைந்ததால் காலை எட்டரைக்குக் கருங்கல். பத்து மணிக்கு மேல்தட்டு இளகி, ரவையைப் போல மணிமணியாகப் பிரியும். ஜெர்மன் பேசும் மலைக்காரர்கள் இதை ஃபிர்ன் என்பார்கள், அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே ஏப்ரலில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் கூழ். ஸ்கீ அதற்குள் புதையும், முழங்கால் திருகும், விபத்துக்கு ஏற்ற நேரம். சாயங்காலம் மறுபடி இறுகத் தொடங்கும். கிழக்குச் சரிவில் தொடங்கி, தெற்குக்கு மாறி, கடைசியாக வடக்குக்கு வருவது பழகியவர்களின் வழக்கம். புதியவர்களை ஒன்பது மணி வகுப்பில் போடாதீர்கள். கண்ணாடிபோன்ற தரையில் விழுந்து முதல் நாளிலேயே ஆசை விட்டுப்போகும். பத்துக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரவு வானம் தெளிவாக இருந்தால்தான் பனி உறையும். மேகம் மூடிய இரவுக்கு அடுத்த நாள் காலையிலேயே கூழ்தான். அப்படிப்பட்ட நாளில் ஈரப்பனிச் சரிவு அபாயமும் கூடும். சுவிஸில் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிலையம் ஐந்து படியில் அபாய அளவைத் தினமும் வெளியிடுகிறது. குறிக்கப்பட்ட பாதையை விட்டு இறங்காத குடும்பத்துக்கு அதன் நுணுக்கம் தேவையில்லை. கயிறு கட்டி மூடிய பாதைக்குள் எந்த மருமகன் நுழைந்தாலும் அன்றைக்கு அவருடைய பாஸைப் பறித்துவிடலாம், அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

முற்பணம் கட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அநேகத் தலங்கள் சுற்றுக்காட்சி வெப்கேமரா வைத்திருக்கின்றன, பலவற்றில் பழைய நாள்களின் படங்களும் இருக்கும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அதே தேதியில் பழகுசரிவு எப்படி இருந்தது என்று போய்ப் பாருங்கள். அந்தப் படம் பொய் சொல்லாது.

கிலோமீட்டர்க் கணக்கிலும் மயங்க வேண்டாம். பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குப் பகுதி 600 கிலோமீட்டர் என்று பெயரெடுத்தது. பருவம் முடியும் நேரத்தில் தாழ்ந்த பக்கத்து ஊர்கள் முதலில் மூடும். இணைப்பு லிஃப்டுகள் நிற்கும். மே தொடக்கத்தில் போகிறவருக்குக் கையில் கிடைப்பது மேலே உள்ள வால் தொரான்ஸ் பக்கம் மட்டும்தான். அதுவே ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் சறுக்கி முடியாத அளவு என்பது வேறு கதை. ஆனால் 600க்கான பாஸை வாங்கிவிட்டு நிற்காதீர்கள். ஊர்ப் பாஸ் போதும்.

சறுக்காதவரிடம் கேளுங்கள்

சுவிஸில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் லாகர் எனப்படும் பள்ளிக்கூட ஸ்கீ முகாமிலேயே பழகிவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அந்த வயதில் வேறு கவலையில் இருந்தோம். உணவகச் சமையலறையிலும் மருத்துவமனைத் துப்புரவிலும் வார இறுதி கழிந்தது, மலைக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. அதனால் தமிழ்க் குடும்பக் கூட்டத்தில் ஒரு விசித்திரமான பிரிவு இருக்கும். இருபத்திரண்டில் எட்டுப் பேர் நன்றாகச் சறுக்குவார்கள், எட்டும் இளசுகள். ஐந்து பேர் பழக ஆசைப்படுவார்கள். மிச்சம் ஒன்பது பேர் ஸ்கீ காலணிக்குள் காலை வைக்கவே மாட்டார்கள்.

இடம் தேர்வதை அநேகமாக அந்த எட்டுப் பேரிடம் விடுகிறோம், அவர்களுக்குத்தான் விவரம் தெரியும் என்று. இதுதான் பெரிய பிழை. சறுக்கத் தெரிந்தவர் எங்கேயும் சமாளித்துக்கொள்வார். அந்த ஒன்பது பேரும் ஏழு நாளும் என்ன செய்வார்கள் என்று முதலில் கேட்டு, அதற்கு விடை உள்ள ஊரைத் தேர்ந்தால் பயணம் தப்பும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் சின்னம்மாவுக்கும் மாமிக்கும் சமையலறையில் சண்டை வரும்.

கேட்க வேண்டியது இவ்வளவு. ஸ்கீ இல்லாமல் நடந்து வருகிறவருக்குத் தனிச் சீட்டு உண்டா? நடு நிலையம் வரை மூடிய கேபிள் காரில் போய் அதிலேயே இறங்கிவர முடியுமா? (நாற்காலி லிஃப்டில் ஸ்கீ இல்லாதவரை எல்லா இடத்திலும் ஏற்றமாட்டார்கள்; சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுவரும் அம்மம்மாவுக்கு அது சரிவராது.) மேலே சறுக்குகிறவரும் நடக்கிறவரும் ஒரே மேசையில் மதியம் உட்கார இடம் இருக்கிறதா? பனியைத் தட்டிச் சமன்படுத்திய நடைபாதை உண்டா? சுவிஸில் இவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறக் கைகாட்டிகள் வைத்திருப்பார்கள். கடைசியாக, மழையோ மூடுபனியோ வந்தால் ஒதுங்க நீச்சல் குளமோ கடைத்தெருவோ இருக்கிறதா? உயரமான ஊர்களில் மரமே இருக்காது. மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும், சறுக்குகிறவரும் வீட்டுக்குள்தான்.

உயரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 3,500 மீட்டர், 3,800 மீட்டர் என்று நேராகக் கொண்டுபோய் இறக்கும் கேபிள் கார்கள் உண்டு. இதய நோய், மூச்சுத் தொல்லை, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கைக்குழந்தையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மற்றவர்களும் முதல் நாளே உச்சிக்கு ஓடாமல் ஊரில் ஒரு இரவு தூங்கிவிட்டுப் போவது நல்லது.

எந்த ஊர்

வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் உள்ளது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் அமைந்த ஸ்கீ ஊர் என்பார்கள். நவம்பர் கடைசியில் திறந்து மே தொடக்கம் வரை ஓடும். பழகுசரிவு ஊருக்குள்ளேயே, அதே உயரத்தில். கதவைத் திறந்தால் பனி. பாரிஸ்காரருக்கும் லண்டன்காரருக்கும் ரயிலில் மூத்தியே வரை வந்து பேருந்து பிடிப்பது எளிது. ஈஸ்டர் மிகவும் பிந்தி வந்தால், அல்லது கூட்டத்தில் சறுக்குகிறவர்கள் பாதிக்கு மேல் என்றால் இதுவே முதல் தெரிவு. குறை என்னவென்றால், 1970களில் ஸ்கீக்காகவே கட்டிய ஊர். பழைய தேவாலயத் தெரு, ஆற்றங்கரை நடை என்று சறுக்காதவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை வீடு மாறும் நாளில் மலைப்பாதையில் கார்கள் வரிசைகட்டி நிற்கும்.

பிரான்சிலேயே இன்னொன்று தீன், 2,100 மீட்டர். கிராந்த் மோத் பனியாறு 3,456 மீட்டர் வரை ஏறுகிறது. சறுக்குவதற்கு வால் தொரான்ஸுக்குக் குறைந்ததல்ல. பழைய தீன் கிராமம் 1952இல் அணைக்கட்டு நீருக்குள் போய்விட்டது. இப்போது இருப்பது மேலே கட்டிய ஊர், அடுக்குமாடி வரிசை. இளசுகள் மட்டும் போவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன்.

ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல் 1,930 மீட்டரில் ஒரு சின்ன ஊர். 1931 மே மாதம் ஒகுஸ்ட் பிக்கார் பலூனில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிட்டு இறங்கியது இந்த ஊர்ப் பனியாற்றில்தான். அன்றைக்குத்தான் உலகம் இந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டது. அமைதியான இடம், சரிவுகள் இதமானவை, பிள்ளைகளைப் பழக்க மிக நல்லது. ஆனால் இது ஹோட்டல்களின் ஊர். காலையும் இரவும் அவர்கள் சமைத்துத் தருவதைச் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் சோறு கேட்கும் கூட்டத்துக்கு அது தண்டனை. செலவும் கூட.

செர்மாட்டும் இத்தாலிப் பக்கத்துச் செர்வீனியாவும் ஒரே மலையின் இரண்டு முதுகு. செர்மாட்டில் கார் கிடையாது. கீழே உள்ள டேஷ் ஊரில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் ரயிலில் வர வேண்டும். சறுக்காதவருக்கு அல்ப்ஸிலேயே இதைவிட நல்ல ஊர் இல்லை. 1898இல் இருந்து ஓடும் பல்சக்கர ரயில் 3,089 மீட்டரில் உள்ள கோர்னர்கிராட் வரை உட்கார்ந்தபடியே கூட்டிப்போகும், மாட்டர்ஹார்ன் எதிரில் நிற்கும். 2023 ஜூலையில் திறந்த கேபிள் கார் இணைப்பால் ஸ்கீ தெரியாதவரும் உச்சி வழியாக இத்தாலிக்குப் போய்வரலாம். இவ்வளவும் விலையைக் கேட்காதவரை. இருபத்திரண்டு பேருக்குச் செர்மாட்டில் ஒரு வாரம் என்றால் வீட்டில் ஒரு கலியாணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

செர்வீனியா மலிவு. ஊர் 2,050 மீட்டர், பழகும் இடமான பிளான் மெஸோன் 2,550 மீட்டர், அங்கே ஸ்கீ இல்லாதவரும் கேபிள் காரில் போகலாம். பாதைகள் அகலம், சரிவு மென்மை, விழுந்தாலும் மரம் இடிக்காது. காற்று அடித்தால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள் என்பது ஒரு குறை. இத்தாலியில் 2022இல் இருந்து சறுக்குகிறவர் எல்லோரிடமும் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இருக்க வேண்டும். செர்மாட்டில் இருந்து ஒரு மதியச் சாப்பாட்டுக்குச் சறுக்கிப் போகிற மருமகனுக்கும் அது பொருந்தும்.

சாஸ்-ஃபே. நாங்கள் மூன்று தடவை போன ஊர், ஆகையால் என் சார்பு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 1,800 மீட்டர். சுற்றிலும் நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள், அவற்றில் டோம் சிகரம் 4,545 மீட்டர். சரிவுகள் வடக்குப் பார்த்தவை, பெரும்பகுதி மலை நிழலில். ஜனவரியில் அந்த நிழல் எலும்பைத் துளைக்கும், பெரியவர்களைக் கூட்டிப்போக மாட்டேன். ஏப்ரலில் சூரியன் மேலே ஏறிவிடும். ஊருக்கு வெயிலும் கிடைக்கும், சரிவில் பனியும் நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்து வருவது அரிது. பழகுசரிவு ஊரின் ஓரத்திலேயே இருப்பதால் மாமி வீட்டு வாசலில் இருந்து நடந்துபோய்ப் பேத்தி விழுந்து எழும்புவதைப் பார்க்கலாம். மேலே சுரங்க ரயில் 3,456 மீட்டருக்குக் கொண்டுபோகும். அங்கே சுழலும் உணவகமும் பனிக்குகையும் உண்டு. காருக்கு ஊருக்குள் இடமில்லை, வாசலில் நிறுத்திவிட வேண்டும், பிள்ளைகள் தெருவில் ஓடலாம். பீஸ்ப் ரயில் நிலையத்தில் இருந்து மஞ்சள் அஞ்சல் பேருந்து நேராக வரும். பாதைகள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். எங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் நாலாம் நாளே "போதும், எல்லாம் சறுக்கியாச்சு" என்று முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வீடும் அடுப்பும்

பிரெஞ்சு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு பேருக்கு என்று எழுதியிருந்தால், அதில் இரண்டு பேர் கூடத்துச் சோபாவை விரித்துப் படுப்பவர்கள். நம் கணக்குக்கு அது நாலு பேர் வீடு. ஐந்து சின்ன வீடு எடுப்பதைவிட ஒரே கட்டடத்தில் இரண்டு பெரிய வீடு எடுங்கள், ஒன்று சமைத்துச் சாப்பிட, ஒன்று தூங்க. கீழ்மாடியிலோ லிஃப்ட் உள்ள கட்டடத்திலோ முதியவர்களின் அறை இருக்கட்டும். கழிவறை எத்தனை என்று படுக்கைக்கு முன்பே கேளுங்கள். காலை எட்டு மணிக்கு இருபத்திரண்டு பேர், இரண்டு கழிவறை. அதை நாங்கள் ஒருமுறை பட்டுவிட்டோம்.

சுவிஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலர் யோசிப்பதில்லை. பிள்ளைகளின் ஸ்கீ லாகர் நடக்குமே, அந்த லாகர் வீடுகள். பெரிய சமையலறை, பெரிய பாத்திரம், நீண்ட மேசை, இரட்டைத் தட்டுக் கட்டில். பள்ளி லாகர்கள் மார்ச்சோடு அநேகமாக முடிந்துவிடும், ஈஸ்டருக்கு வீடு காலியாக இருக்கும். ஒரு தலைக்கு என்று பார்த்தால் ஹோட்டல் விலையில் சிறு பங்கு. படுக்கை விரிப்பைக் கொண்டுபோக வேண்டும், வெளிக்கிடும்போது கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும். சாஸ் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. சற்றுக் கீழே சாஸ்-குருண்டில் தங்கிப் பேருந்தில் ஏறுவது இன்னும் மலிவு.

அரிசியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மற்றதைப் பீஸ்பிலோ மூத்தியேயிலோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள், மலைக்கடை விலை வேறு. 2,300 மீட்டரில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 92 பாகையில் கொதித்துவிடும். திறந்த பானையில் சோறு வேக நேரம் பிடிக்கும், பருப்பு வேகவே வேகாதது போல இருக்கும். பிரஷர் குக்கர் கட்டாயம். தாளிக்குமுன் யன்னலைத் திறந்துவிடுங்கள். கூரையில் உள்ள புகை மணிக்குக் கடுகும் தீயும் ஒன்றுதான்.

ஸ்கீயும் காலணியும் வாடகைக்கு எடுப்பது நல்லது, காலணியை அவரவர் காலில் போட்டுப் பார்த்துத்தான். உடுப்பை புரோக்கி எனும் பழைய பொருள் கடையில் வாங்குங்கள், பிள்ளைகள் அடுத்த வருடம் வளர்ந்துவிடுவார்கள். பல பிரெஞ்சுத் தலங்களில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் 75 தாண்டியவர்களுக்கும் பாஸ் இலவசம் அல்லது பெயரளவுக் கட்டணம், கேட்டால்தான் தருவார்கள். காரில் போகிறவர்கள் ஏப்ரல் என்று சங்கிலியை வீட்டில் விட்டுவிடாதீர்கள், மலைப்பாதையில் அப்போதும் பனி கொட்டும். மீட்பு ஹெலிகொப்டரை உள்ளடக்கிய காப்பீடு எல்லோருக்கும் இருக்க வேண்டும், நடக்க மட்டும் வருகிறவருக்கும்.

கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் கேபிள் காரில் ஏற்றாதீர்கள். ஆயிரம் மீட்டருக்குப் பத்து வீதம் அளவில் புற ஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 வீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். நமக்கென்ன, வெயிலில் வளர்ந்த தோல் என்று சித்தப்பா கிரீம் பூசாமல் மூன்று மணி நேரம் வாங்கில் இருந்தார். அன்றிரவு மூக்குத்தோல் உரிந்து, கண் சிவந்து நீர் வடிந்தது. இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தார்.

2028 ஈஸ்டர் ஏப்ரல் 16. அந்த வாரத்துக்கு உயரத்தில் உள்ள ஊர்களை எல்லோரும் தேடுவார்கள், இருபது பேர் தங்கும் வீடுகளோ ஒரு ஊரில் சிலதான். 2027 கோடையிலேயே கேட்டு வையுங்கள். லிஃப்டுகள் எந்தத் தேதி வரை ஓடும் என்பதை எழுத்தில் வாங்காமல் முற்பணம் கட்ட வேண்டாம்.